ஏலம் கூறுபவர்: தொழிலும் சொல்லும்

“ஏன் இப்படி என் பெயரை ஏலம் விடுகிறாய்?” என்று ஒருவர் சலித்துக்கொள்ளும்போது அங்கே விற்பதற்குப் பொருளும் இல்லை, விலையும் இல்லை. தம் பெயரை நாலு பேர் காதில் விழும்படி உரக்கக் கூவுவதைத்தான் அவர் ஆட்சேபிக்கிறார். ஏலம் என்றதும் விலை ஏறுவதையே நினைத்துப் பழகிய நமக்கு, பேச்சுவழக்கு அந்தச் சொல்லிலிருந்து விலையை உதறிவிட்டுக் கூவுதலை மட்டும் எடுத்துக்கொண்டிருப்பது வியப்பாக இருக்கலாம். ஆனால் அந்தச் சொல் வந்த வழியைத் தேடிப் போனால் அங்கே முதலில் நிற்பதும் கூவுதல்தான். ஏலம் கூறுபவரின் தொழிலைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் இல்லை என்று நினைக்கிறேன். விலையை ஏற்றுவது அவர் வேலை என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் விலையை ஏற்றுகிறவர்கள் கேட்க வந்தவர்கள். அவர்கள் கேட்ட ஒவ்வொரு தொகையையும் அவையறியச் சொல்லி, அதற்கு மேல் கேட்பார் இல்லை என்பதையும் அவையறியச் செய்து, ‘இதுதான் விலை’ என்று எல்லோர் முன்னிலையிலும் முடித்துவைப்பதே அவர் தொழில்.

தமிழில் இரண்டு ஏலங்கள் உண்டு. ஒன்று ஏலக்காய், அது நம்மிடம் பழங்காலம் முதலே இருக்கும் சொல். மற்றொன்றான விற்பனை ஏலம், போர்ச்சுக்கீசியர்கள் பொது விற்பனைக்கு வைத்திருந்த ‘லெய்லாவ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு, போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் தொட்ட கரைகளில் எல்லாம் இந்தச் சொல்லும் இறங்கியது. மலையாளத்தில் லேலம், தெலுங்கில் வேலம், இந்தியில் நீலாம், மலாய் மொழியில் லேலோங், இந்தோனேசிய மொழியில் லேலாங் என்று இன்றைக்கும் வழங்குபவை எல்லாம் அந்த ஒரு சொல்லின் வெவ்வேறு உருவங்களே. லகரம் சொல்லுக்கு முதலில் வருவதைத் தமிழ் மரபு ஏற்பதில்லை என்பதால்தான் லாபத்தை இலாபம் என்றும் லட்சத்தை இலட்சம் என்றும் எழுதுகிறோம். இந்தச் சொல்லிலோ முன்னால் ஓர் உயிரெழுத்து சேர்வதற்குப் பதிலாக லகரமே உதிர்ந்துபோயிற்று. அப்படி உதிர்ந்ததால் ஏலக்காயின் பெயரும் இதன் பெயரும் ஒன்றாகிவிட்டன. லகரத்தைக் காப்பாற்றிக்கொண்ட மலையாளத்தில் ஏலம் வேறு, லேலம் வேறு.

போர்ச்சுக்கீசிய மொழிக்கும் அது சொந்தச் சொல் இல்லை. ஐபீரியத் தீபகற்பத்தின் பெரும்பகுதியை அரபு பேசியவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் ஆண்ட காலத்தில் அங்கே தங்கிவிட்ட பல சொற்களில் அதுவும் ஒன்று. அறிதல், அறிவித்தல் என்ற பொருள்களைத் தரும் அரபு வேரிலிருந்து அது பிறந்தது என்பது அகராதிகள் தரும் விளக்கம். கல்வி பெற்ற மார்க்க அறிஞரை ‘ஆலிம்’ என்று தமிழ் முஸ்லிம்கள் அழைக்கிறார்களே, அந்தச் சொல்லுக்கும் இதே வேர்தான். அதாவது, ஏலமும் ஆலிமும் தூரத்து உறவினர்கள். ஒருவர் அறிந்தவர், மற்றது அறிவிப்பு. ஸ்பானிய மொழியில் ஏலத்தைக் குறிக்கும் ‘அல்மொனேதா’ என்ற பழைய சொல்லும் அரபிலிருந்து வந்ததே. அதன் வேருக்குக் கூவி அழைத்தல் என்று பொருள். கன்னடத்தில் வழங்கும் ‘ஹராஜு’ என்ற சொல்லும் அரபு வழி வந்ததே. மீன்பிடித் துறைமுகங்களில் நடக்கும் ஏலத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘கூவுதல்’ என்ற பொருள் கொண்ட சொல்லாலேயே இன்றும் குறிக்கிறார்கள்.

ஆங்கிலத்தின் ‘ஆக்‌ஷன்’ வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. பெருகச் செய்தல் என்று பொருள்படும் ‘அவுகெரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து ‘அவுக்தியோ’ என்ற பெயர் வந்தது. விலை படிப்படியாகப் பெருகுவதை அது சொல்கிறது. ஏலம் கூறுபவரைக் குறிக்கும் ‘ஆக்‌ஷனியர்’ அதன் மீது கட்டியெழுப்பிய சொல். நூலாசிரியரைக் குறிக்கும் ‘ஆதர்’, அதிகாரத்தைக் குறிக்கும் ‘அத்தாரிட்டி’ ஆகியவையும் இதே வினையின் பிள்ளைகள் என்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ரோமச் சட்டத்தில் ‘அவுக்தோர்’ என்பவர், தாம் விற்ற பொருளின் உரிமைக்குப் பின்னாலும் பொறுப்பேற்று நிற்க வேண்டிய விற்பனையாளர். இது என் பொருள், நாளை வேறொருவர் உரிமை கோரி வந்தால் நான் பதில் சொல்கிறேன் என்ற உறுதிமொழி அந்தச் சொல்லுக்குள் இருந்தது.

மூன்றாவது குடும்பம் ஈட்டியிலிருந்து பிறந்தது. போரில் பிடித்த பொருள்களையும், அரசு பறிமுதல் செய்த சொத்துகளையும் ரோமானியர்கள் தரையில் நட்ட ஓர் ஈட்டியின் கீழ் விற்றார்கள். இந்த விற்பனைக்குப் பின்னால் அரசின் அதிகாரம் இருக்கிறது என்பதற்கு ஈட்டியே அடையாளம். ‘ஈட்டியின் கீழ்’ என்று பொருள்படும் லத்தீன் தொடர்தான் ஸ்பானிய மொழியில் ‘சுபாஸ்தா’ என்று ஏலத்தைக் குறிக்கிறது. இத்தாலியில் ஈட்டியின் பெயரான ‘அஸ்தா’வே ஏலத்துக்கும் பெயர்.

ஈட்டிக்கு அருகில் நின்று கூவியவரை ‘பிரைகோ’ என்றார்கள். ஏலம் நடக்கப் போவதைத் தெருக்களில் முன்கூட்டியே அறிவிப்பதும், அன்றைய நாளில் கேள்விகளை, அதாவது வாங்க வந்தவர்கள் கேட்ட தொகைகளை, உரக்கச் சொல்லி விற்பனையை முடிப்பதும் அவர் வேலை. கணக்கும் பணமும் இன்னொருவர் கையில் இருந்தன. பொம்பெய் நகரில் வாழ்ந்த லூசியுஸ் கைக்கிலியுஸ் யுகுந்துஸ் என்ற நிதிக்காரரின் வீட்டில் 150க்கும் மேற்பட்ட எழுத்துப்பலகைகள் 1875இல் கண்டெடுக்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை, ஏலத்தில் விற்றவர்கள் தம் பணத்தை அவரிடமிருந்து பெற்றுக்கொண்டதற்கான ரசீதுகள். அவருடைய கமிஷன் போக மீதித் தொகை என்று சாட்சிகளின் முத்திரைகளோடு எழுதப்பட்டவை. விற்றவருக்கு உடனே பணத்தைக் கொடுத்துவிட்டு, எடுத்தவரிடமிருந்து பின்னர் வசூலிக்கும் இந்த ஏற்பாடு, பலகைகள் எழுதப்பட்ட முதல் நூற்றாண்டுக்குள்ளேயே நன்கு நிலைபெற்றுவிட்டது என்பது அவற்றால் தெரிகிறது. ஆனாலும் கூவுகிறவருக்குச் சமூகத்தில் மதிப்பு இல்லை. அந்தத் தொழிலில் இருக்கும்வரை ஒருவர் நகராட்சிப் பதவிக்கு வரக் கூடாது என்று, பிணம் அடக்கம் செய்யும் தொழிலில் இருந்தவர்களோடு சேர்த்து, பிரைகோக்களையும் ரோமச் சட்டம் விலக்கிவைத்தது.

இந்தப் பேரரசே ஒரு நாள் ஏலத்துக்கு வந்தது. கி.பி. 193 மார்ச் 28 அன்று பேரரசர் பெர்த்தினாக்ஸைக் கொன்ற மெய்க்காவல் படையினர், அரியணையை அதிக விலை கொடுப்பவருக்குத் தருவதாகச் சொன்னார்கள். கொல்லப்பட்டவரின் மாமனார் சுல்பிக்கியானுஸ் முகாமுக்கு உள்ளே இருந்து கேட்டார்; திதியுஸ் யூலியானுஸ் வெளியே மதிலருகில் நின்று கேட்டார். உள்ளே இருப்பவர் இவ்வளவு சொல்கிறார், நீர் எவ்வளவு கூட்டுவீர் என்று வீரர்கள் இருவருக்கும் இடையே ஓடி ஓடிச் சொன்னார்கள். வீரர் ஒவ்வொருவருக்கும் 20,000 செஸ்டர்ஸ் என்ற ரோம நாணயம் என்று நின்றிருந்த கேள்வியை யூலியானுஸ் ஒரே வீச்சில் 25,000 ஆக்கினார். உரக்கக் கத்தியதோடு விரல்களாலும் தொகையைக் காட்டினார் என்று அக்காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் காசியுஸ் தியோ எழுதிவைத்திருக்கிறார். 66 நாள் அரியணையில் இருந்த பின் யூலியானுஸும் கொல்லப்பட்டார். விற்பவருக்கு விற்கும் உரிமை உண்டா என்று கேட்டு நிறுத்த அந்த ஏலத்தில் யாரும் இல்லை.

ஏலம் கூறுபவரின் வேலை அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. மேடையில் ஏறுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, பொருளைக் கொண்டுவந்தவர் அதன் உரிமையாளர்தானா என்று அவர் விசாரிக்க வேண்டும். பொருளை மதிப்பிட வேண்டும். குறையிருந்தால் பட்டியலில் குறிப்பிட வேண்டும். இதற்குக் கீழே கொடுக்க வேண்டாம் என்ற குறைந்தபட்ச விலையை உரிமையாளரோடு பேசி முடிவுசெய்ய வேண்டும். எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது, எவற்றைச் சேர்த்து ஒரே லாட்டாக்குவது என்பவற்றிலும் அனுபவம் பேசும். கேட்க வருபவர்கள் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க நாள் ஒதுக்குவதும், முன்பணம், வரி, எடுத்துச்செல்லும் கெடு ஆகிய நிபந்தனைகளை ஏலத்துக்கு முன் படித்துக்காட்டுவதும் அவர் பொறுப்பே. பார்வையாளர் காண்கிற அந்த ஓரிரு நிமிடம், இவ்வளவு வேலையின் கடைசித் துண்டு.

அந்த ஓரிரு நிமிடத்துக்குள் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நேரில் வர இயலாத ஒருவர், 900 வரை எனக்காகக் கேளுங்கள் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவையில் ஒருவர் மட்டுமே போட்டிக்கு இருக்கிறார். கேள்வி ஐம்பது ஐம்பதாக ஏறுகிறது. ஏலம் கூறுபவர் எழுத்துக் கேள்விக்காக 500இல் தொடங்கினால், 550 அவையிலிருந்து, 600 தாளிலிருந்து என்று மாறி மாறிப் போய், 900 சரியாகத் தாளுக்கு வந்து சேரும். மேலே போக வேண்டுமானால் அவையில் இருப்பவர் 950 சொல்ல வேண்டும். கவனக்குறைவாக 550இல் தொடங்கிவிட்டாலோ, 850 தாளுக்கும் 900 அவைக்கும் விழும். அதே 900ஐ முன்னதாகவே எழுதிக்கொடுத்திருந்தவர், தம் தொகைக்கே பொருள் போயிருக்க, வெறுங்கையோடு நிற்பார். எந்தப் படியில் தொடங்கினால் எந்தத் தொகை யார் பக்கம் விழும் என்ற இந்தக் கணக்கை, அவையைப் பார்த்துப் பேசிக்கொண்டே, ஒவ்வொரு பொருளுக்கும் மனத்துக்குள் போட்டாக வேண்டும். இதைச் சரியாகச் செய்கிறவரை யாரும் கவனிப்பதில்லை, தவறினால்தான் தெரியும்.

கண்ணும் குரலும் சேர்ந்தே இயங்குகின்றன. ஒருவர் தலையசைப்பார், ஒருவர் பேனாவை உயர்த்துவார், ஒருவர் கண்ணை மட்டும் நிமிர்த்துவார். கேட்பதை நிறுத்திவிட்டவர் யார், தயங்குகிறவர் யார் என்பதை முகத்தில் படிக்கிறார்கள். தயங்குகிறவருக்கு அரை நொடி கூடுதலாக இடம் கொடுக்கிறார்கள். அமெரிக்கக் கால்நடை ஏலங்களில் கேட்கும் வேகமான ராகத்தைப் புதிதாகக் கேட்பவர் புரியாத கூச்சல் என்று நினைக்கக்கூடும். அதற்குள் இரண்டே எண்கள்தான் உள்ளன: இப்போது கையில் இருக்கும் கேள்வி, அடுத்து எதிர்பார்க்கும் கேள்வி. இடைவெளியை நிரப்பும் அசைச்சொற்கள் தாளத்தைத் தொய்யவிடாமல் வைத்திருக்கின்றன.

தமிழில் இந்தத் தொழிலைப் பற்றிய வினைகள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஒருவர் ஏலம் விடுகிறார் அல்லது கூறுகிறார். மற்றவர் ஏலம் கேட்கிறார். பொருள் ஏலம் போகிறது. தொகை சொல்வதை நாம் ‘கேட்பது’ என்கிறோம். அவர் சொன்ன தொகைக்கே கேள்வி என்று பெயர். வேண்டுவதற்கும் செவிமடுப்பதற்கும் ஒரே வினையை வைத்திருக்கும் மொழியில், ஏலக் களத்தில் நிற்பவர் இரண்டையுமே செய்துகொண்டிருக்கிறார்: பிறர் கேள்வியைக் காதால் கேட்டுத்தான் தம் கேள்வியைக் கேட்கிறார்.

சுத்தியல் விழும் கணத்துக்குச் சட்டம் தந்திருக்கும் முக்கியத்துவம் 1789இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு வழக்கிலிருந்து தெளிவாகிறது. வடிசாலைக் கருவி ஒன்றை ஏலம் விட்டபோது கேவ் என்பவர் 40 பவுன் கேட்டார். அதற்கு மேல் யாரும் போகவில்லை. ஏலம் கூறியவர் சுத்தியலைத் தட்டாமல் தாமதித்தார். ஏன் நிறுத்துகிறீர்கள், இதற்கு மேல் உங்களுக்குக் கிடைக்காது என்றார் கேவ். கருவியின் எடையைச் சொல்லி, இது 40 பவுனுக்கு மேல் பெறும் என்றார் இவர். அந்த எடைக்கு உறுதி தருவீர்களா என்று கேவ் கேட்க, தர முடியாது என்று பதில் வந்தது. அப்படியானால் எனக்கு வேண்டாம் என்று அவர் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பொருள் பின்னர் 30 பவுனுக்குப் போயிற்று. வித்தியாசத் தொகையைக் கேட்டு விற்றவர் தொடுத்த வழக்கில், ஏலத்தில் கேட்பது ஒரு முன்மொழிவு மட்டுமே, சுத்தியல் விழுந்த பிறகே அது ஒப்பந்தமாகிறது, அதுவரை எவரும் பின்வாங்கலாம் என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. 1893ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சரக்கு விற்பனைச் சட்டமும், அதைத் தழுவிய 1930ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தின் 64ஆம் பிரிவும் இந்த விதியை அப்படியே எடுத்துக்கொண்டன. சுத்தியல்தான் வேண்டும் என்பதில்லை. வழக்கமான வேறு எந்த முறையிலும் விற்பனை முடிந்ததாக அறிவிக்கலாம் என்று அந்தப் பிரிவு சொல்வதால், மூன்று தரம் சொல்லி முடிப்பதும் அதே கணத்தை உண்டாக்கிவிடுகிறது. சட்டத்தின் பார்வையில் விற்பனையை முடிப்பது அறிவிப்புதான்.

அறிவிப்பு நேர்மையாக இருக்க வேண்டும் என்பதுதான் எல்லா இடத்திலும் சிக்கலாகிறது. விற்பவர் தம் ஆளையே கூட்டத்தில் நிறுத்திப் பொய்க் கேள்வி கேட்கவைத்து விலையை ஏற்றுவது ஒரு மோசடி. இந்தியச் சட்டத்தில் இப்படி ஏற்றிய ஏலத்தை எடுத்தவர் செல்லாததாக்கலாம். கேட்பவர்கள் தமக்குள் சிண்டிகேட் அமைத்து ஒருவரை மட்டும் மலிவாக எடுக்கவிட்டு, பின்னர் தனியறையில் தமக்குள் மறு ஏலம் நடத்தி ஆதாயத்தைப் பங்கிடுவது எதிர்த்திசை மோசடி. இதைத் தண்டிக்க இங்கிலாந்து 1927இல் தனிச் சட்டமே இயற்றியது. இரண்டையும் களத்திலேயே உணரக்கூடியவர் ஏலம் கூறுபவர்தான். அவர் விற்பவரின் முகவர், அவரிடம் கமிஷன் வாங்குகிறவர். ஆனாலும் அவர் சொல்லும் கேள்வி உண்மையானது என்ற நம்பிக்கையில்தான் அவை அடுத்த கேள்வியைக் கேட்கிறது. அந்த நம்பிக்கை போய்விட்டால் அவர் குரலுக்கு மதிப்பில்லை.

இந்தக் குரல் செய்த கொடுமையையும் மறைக்கக் கூடாது. ரோமாபுரியின் சந்தைகளிலிருந்து அமெரிக்கத் துறைமுகங்கள்வரை மனிதர்களை ஏலம் விட்டவர்களும் இதே தொழிலைச் செய்தவர்களே. 1859 மார்ச் 2, 3 ஆகிய நாள்களில் ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரை ஒட்டிய குதிரைப் பந்தயத் திடலில், ஒரே உரிமையாளரின் கடன் தீர்ப்பதற்காக, 400க்கும் மேற்பட்ட அடிமைகள் பட்டியலிடப்பட்டு, லாட்டுகளாகப் பிரிக்கப்பட்டு விற்கப்பட்டார்கள். அந்த நாள்களை அவர்களின் வழித்தோன்றல்கள் ‘அழுகையின் காலம்’ என்று நினைவுகூர்கிறார்கள். பட்டியல், நிபந்தனை, மதிப்பீடு, தெளிவான அறிவிப்பு என்று தொழிலின் ஒழுங்குகள் எல்லாம் அங்கே குறைவின்றி இருந்தன. எதை விற்கலாம் என்ற கேள்விக்கு அந்த ஒழுங்குகளிடம் விடை இல்லை. மேடையில் ஏறுகிற மனிதரிடம்தான் இருக்க முடியும்.

கூவாமலும் ஏலம் நடத்தலாம் என்பதை நெதர்லாந்து காட்டியது. ஆல்ஸ்மேர் பூ ஏலத்தால் உலகறிந்த டச்சு முறையில், கடிகாரம் போன்ற ஒரு கருவியின் முள் உயர்ந்த விலையிலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும். முதலில் பொத்தானை அழுத்தி நிறுத்துகிறவருக்குப் பூ. ஒரே ஒரு கேள்வியோடு முடிந்துவிடுவதால், வாடிப்போகும் சரக்குக்கு இந்த வேகம் பொருந்துகிறது. அலைக்கற்றை போன்றவற்றை விற்க 1990களில் வகுக்கப்பட்ட ஏல முறைகளில் மேடையும் இல்லை, சுத்தியலும் இல்லை. அவற்றின் பின்னணியில் இருந்த கோட்பாட்டுக்காக பால் மில்கிரோம், ராபர்ட் வில்சன் இருவருக்கும் 2020ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் ஏறுமுக ஏலத்தில் மனிதரை எடுத்துவிட்டுப் பார்த்த இரண்டு முயற்சிகள், அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைத் துலக்கமாகக் காட்டுகின்றன. முதலாவது, பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மெழுகுவத்தி ஏலம். ஓரங்குல மெழுகுவத்தியைக் கொளுத்திவைப்பார்கள். சுடர் அணையும்போது கடைசியாகக் கேட்டவர் எவரோ அவருக்கே பொருள். கடற்படை அலுவலகத்தில் பணியாற்றிய சாமுவேல் பீப்ஸ், பழைய கப்பல்கள் இப்படி ஏலம் போனதை 1662 செப்டம்பரில் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். எல்லோரும் கடைசிக் கணத்துக்காகக் காத்திருந்து ஒரே நேரத்தில் கத்த, ஒருவர் மட்டும் தவறாமல் கடைசி ஆளாகக் கேட்டார். எப்படி என்று பீப்ஸ் விசாரித்தபோது, சுடர் அணையப் போகும் கணத்தில் புகை கீழ்நோக்கி இறங்கும் என்ற நுட்பத்தை அவர் சொன்னார். பொருளின் மதிப்பை அறிந்தவரைவிடப் புகையின் போக்கை அறிந்தவர் ஏலத்தை எடுத்துவிட்டார்.

இரண்டாவது, 1995இல் தொடங்கிய இபே இணைய ஏலம். அங்கே குறித்த நேரத்தில் ஏலம் தானாக மூடிக்கொள்ளும். ஆகவே கடைசி நொடிகளில் புகுந்து கேட்பது அங்கே வழக்கமாயிற்று. அதே காலத்தில் அமேசான் நடத்திய ஏலங்களிலோ, முடியும் தறுவாயில் யாராவது கேட்டால் மேலும் பத்து நிமிடம் நீளும். ஆல்வின் ராத், ஆக்ஸல் ஒக்கன்ஃபெல்ஸ் ஆகிய இரு பொருளியலாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டு 2002இல் வெளியிட்ட ஆய்வில், கடைசி நேரத்துக்குக் காத்திருக்கும் பழக்கம் நேரம் நீளாத இடத்தில்தான் மிகுதி என்று கண்டார்கள். மெழுகுவத்தியின் குறை முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் கணினியில் திரும்பி வந்தது. அதற்குக் கண்ட மருந்து, ‘ஒரு தரம், இரண்டு தரம்’ என்று சொல்லி நிறுத்தி, புதிய கேள்வி வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் பழைய வழக்கமேதான். நேரம் தீர்ந்ததால் ஏலம் முடிவதில்லை. கேட்பார் தீர்ந்ததால் முடிகிறது. தீர்ந்ததா என்று விசாரிக்கத்தான் அந்த மூன்று தரம்.

இப்போது பெரிய ஏல அரங்குகளில் கேள்விகள் முன்வரிசையிலிருந்து வருகின்றன, சுவரோரம் தொலைபேசியோடு நிற்கும் பணியாளர்களிடமிருந்து வருகின்றன, திரையிலிருந்தும் வருகின்றன. இணையத்தின் வழி கேட்பவருக்குப் படமும் ஒலியும் சற்றுத் தாமதித்துப் போய்ச் சேரும் என்பதால், மேடையில் இருப்பவர் சுத்தியலை உயர்த்திப் பிடித்தபடி திரையை ஒரு முறை, தொலைபேசிகளை ஒரு முறை, கடைசியாக அவையை ஒரு முறை பார்க்கிறார். எச்சரித்துவிட்டுத் தட்டுகிறார். பிறகு விலையையும், எடுத்தவர் கையில் இருக்கும் அட்டையின் எண்ணையும் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு முறை உரக்கச் சொல்லிவிட்டு, அடுத்த லாட்டின் எண்ணைக் கூறுகிறார்.